பேர் போட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்னும் வேலைநாள் பதிவேட்டை எழுதியவர்களுக்கும் இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கும், நுவரெலியா மாவட்டத்தில் பிறப்பு இறப்புகளைப் பதிகின்ற பதிவாளர்களுக்கும், கிராம உத்தியோகத்தர்களுக்கும், சேமலாப நிதிக் கோவைகளைப் பார்க்கும் உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், தலவாக்கலைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தின் மேட்டு லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், தாம் பிறந்த காம்பராவிலிருந்து நான்கு காம்பரா தள்ளி, என் தாத்தா காலமானார். எங்கள் கணக்கில் அவருக்கு வயது 90. உங்கள் கணக்கில் 86. சில வாரங்கள் கழித்து எங்கள் கைக்கு வந்த மரணச் சான்றிதழில் அவர் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் வயதும் பிழையாக இருந்தன. இறந்த திகதி ஒன்றே சரியாக இருந்தது. சான்றிதழுக்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்ட பழைய அடையாள அட்டையின் பின்புறத்தில், பிறந்த இடம் என்பதற்கு நேரே 'இந்தியா' என்று எழுதியிருக்கிறது. தாத்தா தம் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் கடலைப் பார்த்தவர். அதுவும் தலைமன்னாரில், இலங்கைக் கரையில் நின்றுகொண்டு.

எந்த ஒருவரையும் குற்றவாளியாக நிறுத்துவதற்காக நான் இம்மடலை எழுதவில்லை. சான்றிதழை எழுதிய கை அடையாள அட்டையைப் பார்த்து எழுதியது. அட்டையை எழுதிய கை பிரஜாவுரிமைச் சான்றிதழைப் பார்த்து எழுதியது. அந்தச் சான்றிதழை எழுதிய கை செக்ரோலைப் பார்த்து எழுதியது. பிழை பரம்பரைச் சொத்தைப்போல் கைமாறி வந்திருக்கிறது. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு சொல்லை மட்டும் விளக்கிவிடுகிறேன். தோட்டத்தில் 'பேர்' என்பது ஆளின் பெயரை மட்டும் குறிப்பதில்லை. ஒரு நாள் வேலைக்கும் அங்கே பேர் என்றுதான் பெயர். கேட்ட றாத்தல் கொழுந்து நிறுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். மழை பிடித்து, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்திலிருந்தே திருப்பியனுப்பிவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. சம்பள நாளில் பக்கத்துக் காம்பராக்காரர் "இந்த மாசம் எத்தன பேரு?" என்று கேட்டால், வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை, எத்தனை நாள் செக்ரோலில் விழுந்தது என்று கேட்கிறார். தாத்தா பன்னிரண்டு வயதில் அரைப் பேருக்கு இறங்கி, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் இந்தக் கணக்கில் நின்றவர். வருடத்துக்கு 250 நாள் என்று குறைத்துப் போட்டாலும் 13,000 பேர் வருகிறது. பதின்மூவாயிரம் முறை அவருக்குப் பேர் போட்ட ஆபீஸ், ஒரு முறைகூட அவருடைய பேரைச் சரியாக எழுதவில்லை. எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விவரம்.

அந்தப் பெயரை நான் இந்த மடலில் எழுதவில்லை. உங்களிடம் கையளித்த விண்ணப்பத்தில் முறையாக எழுதியிருக்கிறேன். பகிரங்கமாக எழுதக் கை வராததற்குக் காரணம், எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொன்னதில்லை என்பதுதான். அப்பாயிக்கு அவர் 'இந்தாங்க', பிள்ளைகளுக்கு 'அப்பா', லயத்தில் இளையவர்களுக்கு 'பெரியப்பா', கவ்வாத்து மலையில் 'அண்ணே'. பெயர் சொல்லி அழைத்தவர்கள் அவருடைய தாயாரும், பெரட்டுக் களத்துக் கணக்கப்பிள்ளையுந்தான். தாயார் 1961இல் போய்விட்டார். அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடம் அந்தப் பெயர் பெரட்டில் மாத்திரம், அதுவும் பிழையாகவே, ஒலித்துக்கொண்டிருந்தது.

இந்த ஆண்டு ஜனவரியில், மரணச் சான்றிதழைத் திருத்த என்ன வழி என்று கேட்கப் போனபோது, மனைவியிடம் நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இளைஞர், சிங்களவர், தமிழில் மரியாதையாகப் பேசினார், அப்பாயிக்குத் தாமே எழுந்து கதிரை இழுத்துப் போட்டார். "ஒங்க புருசன் பேர் என்ன, அம்மா?" என்றார். அப்பாயி என்னைக் காட்டி, "இவளோட தாத்தாங்க" என்றார். அவர் சிரித்துவிட்டு மறுபடியும் கேட்டார். அப்பாயி முந்தானையை இழுத்து வாயருகே பிடித்துக்கொண்டு, "மலை மேல கோவணத்தோட நிக்கிறாரே தம்பி ஒரு சாமி, அவரு இருக்கிற ஊரு" என்றார். அந்த இளைஞர் சற்று யோசித்துவிட்டு, "இந்தியாவா?" என்று கேட்டார். பக்கத்து வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அப்பாயியும் சிரித்தார், நானும் சிரித்தேன். வீடு திரும்பும் பஸ்ஸில் லிந்துலை தாண்டும்வரை நான் யாருடனும் பேசவில்லை.

அந்த ஊர்ப் பெயரின் நடுவில் ஒரு ழகரம் இருக்கிறது. தாத்தாவுக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. செக்ரோலை ஆங்கிலத்தில் எழுதிய கிளாக்கர் ஐயா ழகரத்துக்குத் தெரிந்த எழுத்தைப் போட்டார். சிங்களத்தில் ழகரத்துக்கு எழுத்தே இல்லை. அது அந்த மொழியின் குற்றமன்று. ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் வந்து சேர்ந்தபோது ழகரம் லகரமாகிவிட்டிருந்தது. ஒரு தாளில் பெயரின் பின்பாதி உதிர்ந்து முன்பாதி மட்டும் நிற்கிறது. இன்னொன்றில் தகப்பனார் பெயர் முன்னுக்கு வந்து, இவர் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கிக் கிடக்கிறது. செக்ரோலில் ஒருவர், பிரஜாவுரிமையில் ஒருவர், அடையாள அட்டையில் ஒருவர், சேமலாப நிதியில் ஒருவர் என்று நான்கு பேர் எங்கள் காம்பராவில் இருந்திருக்கிறார்கள். சாப்பிட்டது என்னவோ ஒருவர்தான்.

அவர் பிறந்தது 1934ஆம் ஆண்டு ஆடி மாதம். இதற்குக் கடதாசி இல்லை. ஆனால் கணக்கு இருக்கிறது. நாட்டின் பல பகுதிகளில் மலேரியா பரவி ஆயிரமாயிரமாய்ச் சனம் செத்த அந்தக் கொள்ளைக் காய்ச்சல் 1934 பிற்பகுதியில் தொடங்கி 1935 வரை நீடித்தது. அது தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு பிறந்த பிள்ளை என்று அவருடைய தாயார் சொல்லிச் சொல்லி, அது குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். தோட்டத்துப் பிறப்புகளைத் துரை அறிவித்துப் பதிவுசெய்விப்பது அந்நாளைய முறை. அறிவித்தாரோ, அறிவித்த தாள் எங்கே கிடக்கிறதோ, தேடியபோது கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அடையாள அட்டை எடுக்கப் போனபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லாதவருக்கு உத்தேச வயதுதான் என்று சொல்லி, முகத்தையும் பல்லையும் பார்த்து 1938 என்று எழுதினார்கள். மாடு பிடிக்கப் போகிறவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். அதனால் அவர் மெய்யான அறுபதில் அல்ல, அறுபத்து நான்கில், 1998இல்தான் வேலையிலிருந்து நிற்க முடிந்தது. அப்பாயி பிறந்ததும் 1938. "என்னையும் அவரையும் ஒரே வயசாக்கிப்புட்டாங்க, அப்புறம் எதுக்கு நான் அவருக்கு அடங்கி நடக்கணும்" என்று அப்பாயி நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பகிடி இது.

அவருக்குப் பதினான்கு வயதாகும்போது, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. மறுவருடம் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோருக்கான சட்டம் வந்து, விண்ணப்பித்து உரிமை பெறலாம் என்றார்கள். தாத்தாவின் தகப்பனாரான என் பூட்டன் விண்ணப்பித்தார். இந்தத் தோட்டத்துக்கு வருமுன் அவர் வேலை செய்த தோட்டத்துச் செக்ரோலில் அவர் பெயர் ஒரு விதமாகவும் இங்கே வேறு விதமாகவும் இருந்தபடியால், தொடர்ந்து வசித்தவர் இருவரா ஒருவரா என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிட்டது. ஒரு தலைமுறையின் நாட்டையே எழுத்துக்கூட்டல் தின்றுவிடும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் ஒற்றுப்பிழைக்கு அடி கொடுக்கும் ஆசிரியர்கள்கூட நம்பமாட்டார்கள்; நானும் அவர்களில் ஒருத்திதான்.

தாத்தா இதையெல்லாம் பேசிப் புலம்புகிறவர் அல்லர். அவருக்குப் பேச வந்தது கவ்வாத்தைப் பற்றித்தான். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியை வெட்டிவிட்டால்தான் அது மறுபடி துளிர்த்துக் கொழுந்து தரும். வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும். வெட்டுகிறவன் கை பிசகினால் செடி செத்துவிடும். தாத்தா காலை ஐந்து மணிக்குப் பீலிக்கரையில் குந்தியிருந்து, கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தி தீட்டுவார். தீட்டிய கத்தியை முன்கை மயிரில் ஒரு முறை வைத்து இழுத்துப் பார்ப்பார். மயிர் வழிந்தால் படங்குத் துண்டில் சுற்றிக் கிளம்புவார். ஒரு முறை, வேலையிலிருந்து நின்ற பிறகு, வீட்டுக்குப் பின்னாலிருந்த ஒற்றைத் தேயிலைச் செடியில் எனக்கு வெட்டிக் காட்டினார். இடது கையால் கிளையைத் தொட்டார், பிடிக்கவில்லை. கத்தி கீழிருந்து மேலாகச் சாய்வாக ஏறிற்று. சத்தம் வரவில்லை. வெட்டு வாய் வெள்ளையாக, ஒரு பக்கம் சரிந்து, பட்டை எங்கும் கிழியாமல் நின்றது. "மழத் தண்ணி நிக்கக்கூடாது தாயி, வழிஞ்சு ஓடிரணும், நின்னா உள்ள அழுகிரும்" என்றார். பிறகு வெட்டிய இடத்தைப் பெருவிரலால் துடைத்தார், பிள்ளையின் மூக்கைத் துடைப்பதுபோல. அந்த மலையில் இன்று கொழுந்து கொடுக்கும் பழஞ்செடிகளில் எத்தனை அவர் கத்தி பட்டவை என்று உங்கள் புத்தகங்களில் குறிப்பு இருக்காது. அது இருக்க வேண்டுமென்று நான் கேட்கவுமில்லை.

அவருக்கு ஒரு தம்பி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். தாத்தா அதற்கும் போகவில்லை, மூத்தவன் என்பதால் வேலைக்கு இறங்கிவிட்டார். 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் காம்பராவும் பிரிந்தது. அண்ணன் இங்கே எழுதிக் கொடுத்தார், தம்பி அங்கே எழுதிக் கொடுத்தார். ஏன் என்று தாத்தாவிடம் கேட்டேன். "அவன் பொண்டாட்டி வீடு பூராவும் போகுது, இவன் மட்டும் இங்க நின்டு என்ன செய்ய" என்றார். சரித்திர நூல்களில் இந்தக் காரணம் எங்கும் எழுதியிருக்காது. ஆனால் போனவர்களிலும் நின்றவர்களிலும் பாதிப் பேருடைய காரணம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தம்பி 1973இல் போனார். தலவாக்கலை ஸ்டேசனில் கோச்சி வந்து நின்றதும் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்ததையும், காட் ஐயா பச்சைக் கொடியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்ததையும் தாத்தா சொல்வார். அவர் ஸ்டேசனோடு நிற்கவில்லை. டிக்கெட் எடுத்துத் தலைமன்னார்வரை கூடவே போனார். கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான். தம்பி குடும்பம் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தில் குடியேறிற்று. கடல் கடந்து போயும் தேயிலைதான்.

அங்கிருந்து கடிதம் வரும். வருடத்துக்கு ஒன்று, சில வருடம் அதுவுமில்லை. லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லார் தபாலும் தோட்டத்து ஆபீசுக்கு வந்துதான் பிரியும், இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். தம்பி தம் கைப்பட, உருண்டை உருண்டையான எழுத்தில், அண்ணன் பெயரை முழுசாக எழுதி, மேட்டு லயம் என்று போட்டு, தோட்டத்தின் பெயரும் தலவாக்கலையும் எழுதியிருப்பார். அந்த உறைகளில் பதினொன்று இப்போது என் மேசையில் இருக்கின்றன. அவற்றில் பதினொன்றிலும் ழகரம் ழகரமாகவே இருக்கிறது. தாத்தாவின் 90 வருட வாழ்க்கையில் அவர் பெயர் சரியாக எழுதப்பட்ட தாள் என்று எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் படித்த தம்பிக்குத் தெரிந்த எழுத்து, இத்தனை ஆபீசுகளுக்கும் தெரியாமல் போயிற்று. இந்த உறைகளெல்லாம் ஆபீஸ் மேசையைக் கடந்துதான் வந்தன என்பதையும், அதே மேசையில்தான் செக்ரோலும் கிடந்தது என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

தம்பி போன அந்த வருடந்தான் பஞ்சம் தொடங்கிற்று. 1973, 1974. அரிசியும் மாவும் கூப்பனில் சுருங்கிப்போய், தோட்டங்களில் சாவு கூடிற்று. என் அப்பாவுக்குப் பின் பிறந்த பெண்பிள்ளை ஒன்று, இரண்டு வயது, 1974 தை மாதத்தில் போய்விட்டது. அந்தப் பிள்ளையின் பெயர் பிறப்பிலும் இல்லை, இறப்பிலும் இல்லை. எந்தப் பதிவிலும் நாங்கள் கண்டதில்லை. அப்பாயி மட்டும் அதை இன்றும் பெயர் சொல்லி அழைக்கிறார், அதுவும் மழை நாளில். தாத்தா அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் ரொட்டி சாப்பிட்டு முடித்ததும் விரலை நாக்கில் நனைத்து, பீங்கானில் ஒட்டிய துணுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். வீட்டில் அரிசி மூட்டை இருந்த காலத்திலும் அந்தப் பழக்கம் விடவில்லை.

1977 மே மாதம், தோட்டக் காணியைப் பிரித்தெடுப்பதை எதிர்த்து நின்ற டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். டெவன் எங்களுக்குக் கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் நடந்து போகிற தூரந்தான். சேதி வந்த மறுநாள் தாத்தா வேலைக்கு இறங்கவில்லை. அன்றைய செக்ரோலில் அவருக்குப் பேர் இருக்காது. புத்தகம் இன்னும் இருந்தால் பாருங்கள். அவரைப் பற்றி அதில் இருக்கும் மிகச் சரியான குறிப்பு அந்த வெற்றுக் கட்டமாகத்தான் இருக்கும். 1983 ஜூலையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, இங்கே வேண்டாம். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் மாட்டுப்பால் வாங்குகிற ஒருவர் முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போனதால் எங்கள் லயத்தில் எல்லாரும் பிழைத்தோம் என்பதை மட்டும் பதிந்துவிடுகிறேன்.

பிரஜாவுரிமைச் சான்றிதழ் கையில் கிடைத்தது 1982இல். அப்போது அவருக்கு 48 வயது. எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் அப்பாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அப்பா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இது ஒங்க பேரு இல்லப்பா" என்றாராம். தாத்தா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படம் என்னுதுதானே, வச்சுக்குவோம்" என்று டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். திருத்தக் கேட்டால் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நீங்கள் உண்டாக்கவில்லை; ஆனால் உங்கள் மேசைக்கு முன்னால் குடை மடக்கி நிற்கும் ஒவ்வொரு பெரியவரிடமும் அது இன்னும் இருக்கிறது. 1989 பொதுத் தேர்தலில் முதல் தடவையாக வாக்களித்தார், 54 வயதில். தீபாவளி வேட்டியைக் கட்டிக்கொண்டு போனார். கடைசியாக வாக்களித்தது 2024 நவம்பர் 14ஆம் திகதி. என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். குளிப்பாட்டும்போது பார்த்தோம், விரலில் மை அழிந்திருக்கவில்லை.

பிள்ளைகளை அவர் வளர்த்த விதத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் மேட்டு லயத்தில் எல்லாருமே அப்படித்தான் வளர்த்தார்கள். பசுவை விற்று அப்பாவை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். லயத்துக்குக் கீழே கானோரமாகக் கிடந்த துண்டு நிலத்தில் லீக்சும் கோவாவும் போட்டு அத்தைமாரைக் கட்டிக்கொடுத்தார். 1984இல் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றானபோது, தம் சம்பளத்தையும் அப்பாயியின் சம்பளத்தையும் பாயில் பக்கம்பக்கமாக அடுக்கிவைத்து, "இனி யாரு தொரைன்னு தெரியல" என்று சொன்னாராம். மாசி மாதம் காமன் கூத்தில் தப்பு அடிப்பவர்களுக்குப் பக்கத்தில் நின்று தப்பைத் தீயில் காய்ச்சிக் கொடுப்பது அவர் வேலை. தாம் ஒரு நாளும் வேஷம் கட்டவில்லை. கூச்சம்.

1998இல் வேலை நின்றது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியும் தோட்டமும் கட்டிய சேமலாப நிதி அவருக்கு வரவேண்டும். சேவைக்காலப் பணம் வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம் என்ற கணக்கில் வரவேண்டும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் அரசாங்கத்திடமிருந்து கம்பனிகளுக்கு மாறியபோது கோவைகளும் கைமாறின. பழைய பட்டியலில் ஒரு பெயர், புதிய பட்டியலில் இன்னொரு பெயர். இவர்தான் அவர் என்று காட்ட மூன்று வருடம் ஆயிற்று. ஏழு சத்தியக் கடதாசிகள். ஒவ்வொன்றுக்கும் டவுனுக்கு பஸ், சமாதான நீதவான் வீட்டு வாசலில் காத்திருப்பு, ஒரு நாள் வீண். ஏழாவது கடதாசியில் கையெழுத்து வைக்கச் சொன்னபோது தாத்தா சமாதான நீதவானிடம், "ஐயா, நான் நான்தான்னு இன்னும் எத்தன தரம் சத்தியம் பண்ணணும்?" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர். அந்தக் கடதாசிக்குக் காசு வாங்கவில்லை.

இனி, என் கேள்விகளுக்கு வருகிறேன்.

பதிவுகளில் ஏற்பட்ட பிழையை விண்ணப்பமும் அத்தாட்சியும் கொடுத்துத் திருத்த இந்நாட்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த வழியில்தான் விண்ணப்பித்திருக்கிறேன். என்ன அத்தாட்சி என்று கேட்கிறீர்கள். அரசாங்கத் தாள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பிழை. அவற்றையே அத்தாட்சியாகக் கேட்டால் பிழைதான் மறுபடி நிரூபணமாகும். தபால் முத்திரை பதிந்த பதினொரு உறைகளை அத்தாட்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். முத்திரை இரண்டு அரசாங்கங்களுடையது. இடையில் எங்கள் கை எதுவும் படவில்லை. பிறந்த இடம் இந்தியா என்பதற்கு யாரிடமாவது ஒரு துண்டுக் கடதாசி இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதை எடுத்துவிட்டுத் தோட்டத்தின் பெயரை எழுதுங்கள். இது வெறும் மனக்குறைக்காகக் கேட்பது அல்ல. 7 பேர்ச் (பேர்ச் என்பது நில அளவு) காணிக்கும் வீட்டுக்குமான பட்டியலில் எங்கள் குடும்பம் தாத்தா பெயரிலேயே பதிந்திருக்கிறது; அவருடைய விதவை என்று அப்பாயி நிரூபிக்க வேண்டுமானால், நான்கு பேரில் யாருடைய விதவை என்ற கேள்வி வருகிறது.

தோட்ட நிர்வாகத்தினரிடம் வேறொன்று கேட்கிறேன். பழைய ஆபீசின் பின்னறையில், தகரம் ஒழுகும் இடத்தில், பழைய செக்ரோல் புத்தகங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன என்று அங்கே வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னார். சில கட்டுகள் முன்னமே எரிக்கப்பட்டுவிட்டன என்றும் சொன்னார். அவற்றில் பேர்கள் எல்லாம் பிழையாகத்தான் இருக்கும். இருந்தாலும் எரிக்காதீர்கள். எங்கள் பூட்டன்மார் இந்த மண்ணில் எந்தெந்த நாள் எந்த மலையில் நின்றார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி இல்லை. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ஏற்றிக்கொண்டு போக லொறிக்குக் காசு இல்லையென்றால் மேட்டு லயத்தில் சேர்த்துத் தருகிறோம்.

கிளாக்கர்மாருக்கும் பதிவாளர்களுக்கும்: தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் 13ஆவது திருத்தத்தில் எழுதிவிட்டார்கள். உங்கள் கணினிகளில் ழகரம் இருக்கிறது, நானே பார்த்தேன். ஒரு பிள்ளை பிறந்து பெயர் பதிய வரும்போது, தகப்பன் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதாமல், ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். நான் எழுதிக் கொடுக்கிறேன்.

மரணச் சான்றிதழ் திருத்தத்துக்காக அடுத்த மாதம் முதற்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறீர்கள். அப்பாயியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். படிக்கட்டு ஏறச் சிரமப்படுவார். முடிந்தால் கீழ்த்தட்டில் வைத்துப் பாருங்கள். அவரிடம் தாத்தாவின் பேரைக் கேட்க வேண்டாம். உறைகளில் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் அதை உங்கள் மேசையில் வைப்பார்.

இப்படிக்கு,
பேத்தி,
மேட்டு லயம், தலவாக்கலை.